சுகாதார மாநாட்டுக்கு லோகோவும் முழக்கமும்: உலக உருண்டை இல்லாமல் முடியாதா?

தூரிகை:
எங்கள் டிசைன் அலுவலகத்துக்கு ஒரு சர்வதேசப் பொதுச் சுகாதார மாநாட்டின் வேலை வந்திருக்கிறது. லோகோ, முழக்கம், பேனர், இணையதளம் எல்லாம் நாங்கள்தான். குழுவினருக்குப் பிடித்தது: உலக உருண்டை, அதைச் சுற்றி ஸ்டெதஸ்கோப், கீழே 'ஒரே உலகம், ஒரே ஆரோக்கியம்'. எனக்கு ஒட்டவே இல்லை. எதைக் காட்டி மறுப்பது?

பழையபேனர்:
இந்த வேலையில் ரொம்ப நாள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஸ்டெதஸ்கோப்பை விடுங்கள், அந்த 'ஒரே உலகம்'தான் வில்லங்கம். 1996-ல் வான்கூவரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டின் முழக்கம் 'ஒரே உலகம், ஒரே நம்பிக்கை'. கூட்டு மருந்துச் சிகிச்சை பலன் தருகிறது என்று உலகமே பேசிய மாநாடு அது. ஆனால் ஓர் ஆளுக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தாண்டும். ஆப்பிரிக்காவில் யார் வாங்குவது? இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததே 2001-ல்தான்.

அடுத்து 2000-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த எய்ட்ஸ் மாநாடு. முழக்கம் 'மௌனத்தைக் கலைப்போம்'. வேறு ஊரில் வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே அதிபர் தாபோ உம்பெக்கியே எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். பதிலுக்கு, எச்.ஐ.வி.தான் காரணம் என்று சொல்லும் டர்பன் பிரகடனத்தில் 5,000-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். தொற்றோடு பிறந்த 11 வயதுச் சிறுவன் என்கோசி ஜான்சன் தொடக்க விழா மேடையில் பேசினான். முழக்கம் அந்த ஊருக்குள்ளிருந்தே வந்தது. உங்கள் மாநாடு நடக்கும் ஊரில் இப்போது எதைப் பேசத் தயங்குகிறார்கள் என்று குழுவிடம் கேளுங்கள்.

மஞ்சள்பை:
லோகோவுக்கு என் பங்கு: எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பனைப் பாருங்கள். 1991-ல் நியூயார்க் கலைஞர்கள் உருவாக்கியது. காப்புரிமை வேண்டாம் என்று தெரிந்தேதான் விட்டார்கள். துண்டு ரிப்பனும் ஊசியும் இருந்தால் யாரும் குத்திக்கொள்ளலாம். நாம் என்னடா என்றால் லோகோவைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் இடம் விட வேண்டும் என்று புத்தகம் போடுகிறோம்.

தூரிகை:
நன்றி, வான்கூவர் கதை ஒன்றே போதும். இன்னொன்று: முதல் பக்கத்தில் பெரிதாக எது வர வேண்டும்? ஸ்பான்சர் லோகோக்களை மேலே போடச் சொல்கிறார்கள்.

பழையபேனர்:
ஸ்பான்சர்கள் கீழேயே இருக்கட்டும். மேலே விசா அழைப்புக் கடிதம், உதவித்தொகை, ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள், இவை மூன்றும். 1992 எய்ட்ஸ் மாநாடு பாஸ்டனில் நடக்க வேண்டியது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அமெரிக்கா உள்ளே விடாததால் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார்கள். 2022 மாண்ட்ரியலில் ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் பலருக்கு விசா கிடைக்காமல், செய்திகளில் அதுவே பெரிதாக ஓடியது. அந்த நேரத்தில் உங்கள் பேனரை யார் பார்ப்பார்கள்? விசா கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் குழுவிடம் கேட்டு அங்கேயே எழுதிவிடுங்கள்.