பேட்ச் மடலில் எழுதியவர் பெயர் தொலைந்த கதைகள்: தெரிந்ததைச் சொல்லுங்கள்

லாஸ்பேட்டையிலிருந்து:
அடுத்தவர் எழுதிய பேட்சை (நிரலில் செய்த மாற்றத்தைக் காட்டும் கோப்பு) நாம் மின்னஞ்சலில் அனுப்பும்போதுதான் எழுதியவர் பெயர் தொலைகிறது. மடலின் தலைப்பில் உள்ள ஃப்ரம், அனுப்புகிறவரைத்தான் காட்டும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் கிட்; மடலில் வந்த பேட்சை அதில் ஏற்றும் கட்டளை கிட் ஏஎம். பெறுகிறவர் அதை ஓட்டினால், வேறு குறிப்பு இல்லாதபோது அனுப்பியவரையே ஆசிரியராகப் பதிந்துவிடும். அதனால் மடலின் உள்ளே முதல் வரியில் 'ஃப்ரம்:' போட்டு எழுதியவரின் பெயரும் முகவரியும், பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் விளக்கம். பேட்சை மடலாக அனுப்பும் கட்டளையான கிட் சென்ட்-ஈமெயில் இதைத் தானே சேர்த்துவிடும். ஃபார்மேட்-பேட்ச் கட்டளை உருவாக்கும் பேட்ச் கோப்பைத் திறந்து ஜிமெயிலில் ஒட்டுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அங்கே டேப் எல்லாம் ஸ்பேஸாகி பேட்சே ஏறாமல் போவதும் உண்டு.

கடலூர் முதுநகரிலிருந்து:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தோழர். அந்த ஃப்ரம் வரிக்கு மேலே 'வணக்கம் ஐயா' என்று எழுதினால் போச்சு. முதல் சாதாரண வரியைக் கண்டதும் கிட் தலைப்பு தேடுவதை நிறுத்திவிடும். ஃப்ரம் வரி கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) செய்திக்குள் வெறும் எழுத்தாகக் கிடக்கும். மரியாதைச் சொல்லை விளக்கத்துக்குப் பின் வரும் மூன்று கோடுகளுக்கு (---) கீழே வையுங்கள், கமிட்டில் ஏறாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
கல்லூரி லேப் கணினிகளில் வேறு கோளாறு. முன்பு உட்கார்ந்தவர் குளோபலில் (எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான கிட் அமைப்பில்) வைத்த யூசர்.நேம், அதாவது அவர் பெயர், அப்படியே இருக்கும். --குளோபல் போடாமல், ரெப்போவுக்குள்ளேயே (அந்தத் திட்டத்தின் கிட் களஞ்சியத்தில்) கிட் கான்ஃபிக் மூலம் பெயரையும் மின்னஞ்சலையும் வையுங்கள். கமிட் ஆகிவிட்டதா? கடைசி கமிட் மட்டும் என்றால் கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆதர் போதும். அடுத்தவர் கமிட்டில் மட்டும் அதைத் தொடவே கூடாது, அவர் பெயர் அழிந்து உங்கள் பெயர் ஏறும். அனுப்பும் முன் கிட் லாக் --ஃபார்மேட்=ஃபுல் பாருங்கள்; ஆதர் (எழுதியவர்), கமிட்டர் (கிட்டில் பதிந்தவர்) இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

லாஸ்பேட்டையிலிருந்து:
சரிதான். லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பினால் சைன்ட்-ஆஃப்-பை (பேட்சின் கீழ் இடும் கையொப்ப வரி) வரிசையும் முக்கியம்: எழுதியவருடையது முதலில், அனுப்புகிறவருடையது கடைசியில். இருவர் சேர்ந்து எழுதியதென்றால், கூட எழுதியவரைக் குறிக்கும் கோ-டெவலப்ட்-பை வரிக்கு அடுத்த வரியிலேயே அதே நபரின் சைன்ட்-ஆஃப்-பை வரவேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களில் இன்ஷியல் ஒரு தொல்லை. ஆதரில் முன்னால், சைன்ட்-ஆஃப்-பையில் பின்னால் என்று வைத்தால், பேட்சைச் சோதிக்கும் கெர்னல் ஸ்கிரிப்டான செக்பேட்ச், பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். ஒரே வடிவத்தை முடிவு செய்து கான்ஃபிக்கில் வைத்துவிட்டு, கையொப்ப வரியைத் தானே சேர்க்கும் கிட் கமிட் -எஸ் போட்டே கையொப்பம் சேருங்கள். கையால் தட்டச்சினால்தான் புள்ளி ஒன்று கூடும், குறையும்.

முதுநகர்:
முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்த மடலைச் சேமித்துப் புதிய கிளையில் கிட் ஏஎம் ஓட்டிப் பாருங்கள். ஆதர் வரி சரியாக வந்தால் அசல் முகவரிக்கு அனுப்பலாம்.