அந்த ஆலாவைக் கடலில் விட்டது நான்தான்

தென்கடல்கரை:

ஆடி மாதம். கச்சான் காற்று மூன்று நாளாக விடாமல் அடித்ததில் சேதுக்கரைப் பக்கம் ஒரு வள்ளம்கூட இறங்கவில்லை. காலையில் கரையோரம் நடந்தபோது, அலை ஒதுக்கிப் போட்ட பாசிக் குவியலுக்குள் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. முதுகு அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் வெள்ளைத் திட்டு, வால் இரண்டாகப் பிளந்து நீளமாக. நாம் தினமும் பார்க்கிற ஆலாவுக்கு முதுகு சாம்பல் நிறம். இது அது இல்லை.

கையில் எடுத்தேன். கொத்தவில்லை. எடையே இல்லை, நெஞ்செலும்பு மட்டும் உள்ளங்கையில் கத்தி மாதிரி உறுத்தியது. கடல் பறவைதானே, கடலுக்குள் போனால் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. இடுப்பளவு தண்ணீர் வரை தூக்கிப் போய் அலைக்கு அந்தப் பக்கம் விட்டேன். றெக்கையை விரித்தது. எழும்பவில்லை. கொஞ்ச நேரம் மிதந்தது, அப்புறம் றெக்கை நனைந்து தாழ்ந்துகொண்டே போனது. ஒரு அலைக்குத் தலை மட்டும் தெரிந்தது. அடுத்த அலையில் அதுவும் இல்லை.

அது கரிய ஆலா என்று பின்னால் படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வருஷக்கணக்கில் கரையேறாமல் நடுக்கடலிலேயே பறந்து வாழக்கூடிய பறவை. ஆனால் அதன் இறகு தண்ணீர் தாங்காது. தண்ணீரில் உட்கார்ந்தால் ஊறிப்போகும். காற்று அடித்துத் தூக்கி வந்து மண்ணில் போட்டதைத்தான் நான் திரும்பக் கொண்டுபோய்க் கடலில் போட்டிருக்கிறேன். நாலு வருஷம் ஆகிறது. ஆடிக் காற்று கிளம்பினால் அந்தத் தலை கண்ணில் வந்து நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நண்டுவலை:

அண்ணே, படித்ததும் மனசு கனத்துப்போனது. நான் மண்டபம். ஆலா எங்களுக்கு வெறும் பறவை இல்லை. அது கூட்டமாகக் குத்தி விழுகிற இடத்தில் சூடையோ நெத்திலியோ மேலே வந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் அப்பா படகைத் திருப்புவார்.

என்னுடையது மனோலித் தீவுப் பக்கம். தீவில் இறங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், 1986ல் இருந்து அது கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நாங்கள் வெளியே இன்ஜினை நிறுத்திவிட்டு வலை காத்துக் கிடந்தோம். தண்ணீர் வற்றிய மணலில் நண்டுதின்னி இரண்டு. உடம்பு வெள்ளை, முதுகில் கறுப்புப் பட்டை, உள்ளான் பறவைகளுக்கு இல்லாத தடித்த அலகு. ஒன்று பெரியது. இன்னொன்று வளர்ந்த குஞ்சு, கிட்டத்தட்ட தாய் உயரமே இருக்கிறது, ஆனாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு அதன் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடந்தது. எங்கேயோ அரபிக்கடல் பக்கத்து மணலில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இட்டுப் பொரித்து, இங்கே கூட்டி வந்து, இன்னமும் ஊட்டிவிடுகிறது. தாய் ஒரு நண்டைப் பிடித்துக் கால் காலாக உதறி உடைத்தது. குஞ்சு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

அந்த நேரம் பார்த்து நான் இன்ஜினை இழுத்துவிட்டேன்.

இரண்டும் எழும்பிப் போய்விட்டன. உடைத்த நண்டு மணலில் கிடந்தது. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் அது தின்றிருக்கும். வீட்டில் சொன்னால் இதற்கெல்லாமா என்கிறார்கள். இங்கே சொல்கிறேன்.

பாசிக்காரி:

பாசி எடுக்கப் போகிறவள் நான், பதினைந்து வயசிலிருந்து. தென்கடலில் முங்கி எழுந்து மரிக்கொழுந்துப் பாசி பறித்துக் கரைக்கு வந்து மூட்டை கட்டும் நேரம். ஒரு சின்ன உப்புக்கொத்தி, கைப்பிடி அளவுதான், எனக்கு முன்னால் ஒரு றெக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. ஐயோ, றெக்கை ஒடிந்துவிட்டது என்று பிடிக்கப் போனேன். பிடிபடாது. ரெண்டு எட்டு ஓடும், திரும்பிப் பார்க்கும், மறுபடி விழும். இருபது முப்பது எட்டு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டு ஜிவ்வென்று பறந்துவிட்டது.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. வந்த வழியே என் காலடித் தடத்தையே பார்த்துக்கொண்டு திரும்பினேன். தடத்துக்கு நாலு விரல் தள்ளி மூன்று முட்டை. கூடு என்று எதுவும் இல்லை, மணலில் ஒரு குழி, சுற்றிலும் நாலு சிப்பித் துண்டு. முட்டையும் மணலும் ஒரே நிறம், புள்ளி புள்ளியாக. எனக்குக் கால் நடுங்கியது.

மறுநாள் ஒரு குச்சி நட்டு வைக்கலாம் என்று போனேன். அந்த இடத்தில் ஜீப் டயர் தடம். குழி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அந்தக் குருவி கொஞ்சம் தள்ளி நின்றது. என்னைப் பார்த்து நொண்டவில்லை. நொண்டிக் காட்ட அதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

என் மகள் சொன்னாள், நம் பக்கத்திலும் இலங்கையிலும் இருக்கிற இந்த உப்புக்கொத்தி தனி இனம் என்று 2023ல்தான் பிரித்திருக்கிறார்களாம், ராமர் சேதுவை வைத்து ஹனுமான் என்று பேர் கொடுத்திருக்கிறார்களாம். பேர் நன்றாகத்தான் இருக்கிறது.

வாடைக்காற்று:

தனுஷ்கோடி, தை மாதம், கோதண்டராமர் கோயிலுக்குப் போகிற வழியில் ரோட்டுக்குப் பக்கத்துத் தண்ணீரில் பூநாரை. நூறு இருக்கும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகால் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன் ட்ரோனை எடுத்தான். நான் தடுக்கவில்லை. எனக்கும் மேலேயிருந்து பார்க்க ஆசையாக இருந்தது.

அது மேலே போய்ச் சாய்ந்து இறங்கியதுதான் தாமதம், எல்லாக் கழுத்தும் ஒன்றாக நிமிர்ந்தன. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது, தண்ணீர்மேல் ஓடித்தான் எழும்பும். அந்த நூறு பறவையும் ஒரே திசையில் ஓடிய சத்தம் தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி இருந்தது. றெக்கைக்குள் இருந்த சிவப்பு ஒரே நேரத்தில் விரிந்தது. படம் பிரமாதமாக வந்திருந்தது, இப்போதும் குடும்பத்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான் மட்டும் திறப்பதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு இளசு, ஓடிப் பார்த்து எழும்ப முடியாமல் நின்றுவிட்டது. கூட்டம் முகுந்தராயர் சத்திரம் பக்கம் போய்விட்டது. இது அப்படியே அந்தப் பெரிய தண்ணீரில் தனியாக நின்றது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் நாங்கள் கிளம்பிவிட்டோம். கூட்டம் திரும்பி வந்ததா, தெரியாது.

2025 ஜூன் 5 அன்று அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்தச் சாம்பல் இளசுதான் ஞாபகம் வந்தது.

கண்மாய்க்கரை:

நல்ல பகிர்வுகள். என் அனுபவம் சிறியது. சக்கரக்கோட்டைக் கண்மாய் ஓரம் பஸ்ஸில் போகும்போது மஞ்சள்மூக்கு நாரை ஒன்று குஞ்சுகளுக்கு நிழலாக றெக்கையை விரித்துக்கொண்டு வெயிலில் நின்றதைப் பார்த்தேன். பஸ் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பாசிக்காரி அம்மா எல்லாவற்றையும் ஜீப் மேல் போடுகிறீர்கள். கரையில் முட்டையைக் காலி செய்வது பெரும்பாலும் நாயும் காகமும்தான். மீன் கழிவை அப்படியே கரையில் கொட்டுகிறோம், அதைத் தின்ன வருகிற நாய் இருட்டில் முட்டையையும் தின்னும். டயர் தடம் கண்ணுக்குத் தெரிகிறது, நாய்த் தடம் காற்றில் அழிந்துவிடுகிறது. காரணத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷமும் இதேதான் நடக்கும்.

அடுத்தது கரையில் ஒதுங்குகிற பறவைகள். ஜூன் தொடங்கி தென்மேற்குக் காற்று முடியும் வரை கரிய ஆலா, நோடி, சில சமயம் வாத்து அளவுள்ள பூபி எல்லாம் நம் கரையில் வந்து விழும். கடலில் விடவே கூடாது. பட்டினியிலும் களைப்பிலும்தான் விழுந்திருக்கும். ஒரு அட்டைப் பெட்டி எடுங்கள், பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போடுங்கள், அடியில் பழைய வேட்டித் துணி விரியுங்கள். துண்டால் மூடிப் பிடித்து உள்ளே வையுங்கள். பூபி என்றால் அலகு கண்ணைக் குத்தும், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பெட்டியை மூடி இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள், ஃபேனுக்குக் கீழே வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய் அதனாலேயே செத்துப்போகும். பால், சோறு, ரொட்டி எதுவும் கூடாது. பிள்ளைகள் மாற்றி மாற்றித் திறந்து பார்க்கக் கூடாது, பயத்திலேயே பாதி உயிர் போய்விடும். வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். நீங்களே வளர்க்க நினைக்காதீர்கள், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் கோழி இருந்தால் பெட்டியைக் கோழிக்கூண்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இன்னும் ஒன்று. நண்டுவலைத் தம்பி, ஒரு சாதாரண பைனாகுலர் வாங்கிப் படகில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போகாமலே பார்க்கலாம். பறவைக் காலில் வளையமோ கொடியோ இருந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்து வையுங்கள். மண்டபம் தீவுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாலச்சந்திரன் 1980களிலிருந்தே வளையம் போட்டு ஆராய்ந்திருக்கிறார். உங்கள் படகுக்கு முன்னால் நிற்கிற உள்ளான் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது அந்தச் சின்ன வளையத்தில் இருக்கும்.

பாசிக்காரி:

சார், நாய் தின்னாது என்று நான் சொல்லவில்லை. நாய் தின்றால் ஓடு கிடக்கும், குழி கலைந்திருக்கும். நான் பார்த்தது அச்சுப் போட்ட மாதிரி டயர் பட்டை, அதற்குள் மஞ்சள் ஒட்டின மணல். இதை முதலில் எழுதாமல் விட்டேன், எழுதக் கை வரவில்லை. பஸ்ஸுக்குள் இருந்து பார்ப்பதும் மணலில் குனிந்து பார்ப்பதும் ஒன்றில்லை. மீன் கழிவு பற்றிச் சொன்னது சரி, எங்கள் பெண்களிடம் சொல்கிறேன்.

நண்டுவலை:

பைனாகுலர் உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் தாங்காது சார். கண் நன்றாகத்தான் தெரிகிறது. கைதான் அவசரப்பட்டது.

கீழக்கரைப் பிள்ளை:

எங்கள் காக்காவும் நானும் படகுத்துறையில். காக்கா என்றால் அண்ணன். கடற்காகம் ஒன்று, பழுப்புத் தலை, குளிர்காலத்தில் வெள்ளைத் தலையும் காதோரம் கறுப்புப் பொட்டுமாக இருக்குமே அதுதான், கம்பியில் தலைகீழாகத் தொங்கியது. காலில் தங்கூசி நைலான் நூல் சுற்றியிருந்தது. யாரோ அறுத்துப் போட்ட வலைத் துண்டு. காக்கா துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டார், நான் பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுத்தேன். கடைசி நூலை அறுத்ததும் பறவை அவர் கையிலிருந்து கிளம்பிவிட்டது. நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம்.

சிரித்து முடித்துவிட்டுப் பார்த்தால் தங்கூசிச் சுருளில் அந்தக் கால் இருந்தது. சிவப்பாக, விரலோடு. எத்தனை நாளாக இறுக்கி வெட்டியதோ. காக்கா பேசவே இல்லை. சுருளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அவரே எரித்தார். அன்றிலிருந்து எங்கள் படகில் ஒரு சாக்கு கட்டியிருக்கிறோம், அறுந்த தங்கூசி ஒரு முழம்கூடக் கடலுக்குப் போகாது. ஒற்றைக் காலோடு கடற்காகம் ஒன்று வருகிறதா என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறேன். ஒரு தடவை வந்தது. அதுதானா என்று எப்படிச் சொல்வது?

தென்கடல்கரை:

கண்மாய்க்கரை சார், நீங்கள் எழுதியது எல்லாம் நாலு வருஷம் முன்னால் எனக்குத் தேவைப்பட்டது. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பெட்டியில் வைத்திருந்தால் அது பிழைத்திருக்குமா?

கண்மாய்க்கரை:

நெஞ்செலும்பு கையில் உறுத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலைக்கு வந்த பறவை பிழைப்பது கஷ்டம் தம்பி. சதை கரைந்து போயிருக்கும். ஆனால் நனையாமல், இருட்டில், அமைதியாகப் போயிருக்கும். இதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை.

மூக்கையூர் வீடு:

இதை இன்று சாயங்காலம்தான் படித்தேன். ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் கரையிலிருந்து துண்டில் சுற்றி ஒன்று கொண்டு வந்தார். தண்ணீர் கொடுக்கச் செம்பை எடுத்தேன், சார் எழுதியது ஞாபகம் வந்து வைத்துவிட்டேன். ஸ்டீல் பாத்திரம் வந்த அட்டைப் பெட்டி இருந்தது. ஓட்டை போட்டு, துணி விரித்து, சாமி ரூமில் வைத்திருக்கிறேன். வனத்துறைக்குப் போன் போட்டாச்சு, காலையில் வருகிறோம் என்றார்கள். காதை வைத்துக் கேட்டால் உள்ளே நகரும் சத்தம் வருகிறது. காற்று இன்னும் நிற்கவில்லை.

தென்கடல்கரை:

திறக்காதீர்கள். நான் முழித்துத்தான் இருப்பேன், எத்தனை மணியானாலும் எழுதுங்கள் அக்கா. முதுகு என்ன நிறம்?