மக்காச்சோள அடையும் ‘நிக்ஸ்டமலைசேஷ’னும்: சுண்ணவேக்காடு எனலாமா?

> பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவு அறிவியல் கையேட்டில் தழையும் கடலையும் சேர்த்துக் கல்லில் சுடும் மக்காச்சோளப் பலகாரம் ஒன்று வருகிறது. அதற்கு ‘மூலிகை கொட்டைக் கல் கேக்’ என்று வரைவில் இருக்கிறது. மாவு தயாரிக்கும் மெக்சிகோ முறையான ‘நிக்ஸ்டமலைசேஷ’னுக்குக் ‘காரச்சமையல்’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. தர்மபுரிப் பக்கம் எப்படிச் சொல்வீர்கள், ஐயா? (ஓசூரிலிருந்து)

வணக்கம் அம்மா.

பலகாரத்துக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, கல்லில் தட்டிச் சுடுவதை அடை என்கிறோம். ரொட்டி என்பவர்களும் உண்டு. இதுவும் அதே வேலைதான். ‘மக்காச்சோள அடை’ என்று எழுதுங்கள். ‘மக்கா’வை மட்டும் விட்டுவிட வேண்டாம். எங்கள் மானாவாரிக் காட்டில் சோளம் என்றால் அது வேறு தானியம். உங்கள் பக்கத்துக் கன்னடத்திலும் ஜோளம் வேறு, மெக்கெ ஜோளம் வேறு அல்லவா?

மூலிகை என்றால் பிள்ளைகளுக்குத் தூதுவளையும் ஆடாதொடையும் நினைவுக்கு வரும். கொட்டை என்றால் கிருஷ்ணகிரியில் மாங்கொட்டைதான். மல்லித்தழை, புதினா, வேர்க்கடலை என்று பெயரையே எழுதிவிடலாம்.

உண்மையில் சொல் தேவைப்படுவது அந்த மாவுக்குத்தான். ‘காரச்சமையல்’ வேதியியல்படி சரி, இதில் சேரும் சுண்ணாம்பு ஒரு காரம் (ஆல்கலி). ஆனால் பச்சைமிளகாய் கிள்ளிப்போடும் ஓர் அடையின் பக்கத்தில் ‘காரம்’ என்று அச்சிட்டால் எந்தப் பிள்ளைக்கும் நாக்குத்தான் எரியும். ஒலிபெயர்ப்பும் உதவாது. மெக்சிகோவின் தொல்குடி மொழியான நாவாட்டிலில் ‘நெஷ்ட்லி’ என்றால் சாம்பல், ‘தமல்லி’ என்றால் மக்காச்சோள மாவில் வேகவைக்கும் பண்டம். அந்த மக்களுக்குப் பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. நம் சொல்லும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

செய்முறை இதுதான். காய்ந்த மணியை, அதன் எடையில் சுமார் 1 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிடுகிறார்கள். காலையில் கசக்கிக் கழுவினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பிறகு ஈரத்தோடு அரைக்கிறார்கள். மக்காச்சோளத்தில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது. வெறும் மாவைப் பச்சைத்தண்ணீரில் பிசைந்து தட்டினால் ஓரமெல்லாம் வெடித்துவிடும். சுண்ணாம்பு நீர் தோலின் நார்ப்பொருளைக் கரைத்துப் பிசினாக்குவதால் அரைத்த மாவு ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய பயன் உடம்புக்கு. மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமின் இந்த வேகலில்தான் விடுபடுகிறது. மக்காச்சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்பு கூடவே போகவில்லை. இத்தாலியின் ஏழைகளும், பின்னர் அமெரிக்கத் தென்மாநிலத்து ஏழைகளும் பெலாக்ரா என்ற நோயில் தோலுரிந்து, புத்தி பேதலித்து மாண்டார்கள். 1914 முதல் அதை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று காட்டினார். குறைபட்ட பொருள் நியாசின் என்பது 1937இல்தான் தெளிவானது. இவ்வளவையும் சுமக்கும் சொல்லை ஏனோதானோ என்று விடக்கூடாது.

என் பரிந்துரை: சுண்ணவேக்காடு. ‘இன்னும் வேக்காடு பத்தல’, ‘அரைவேக்காடு’ என்று நாள்தோறும் புழங்கும் சொல் அது. முன்னால் சுண்ணத்தைச் சேர்த்தால் போதும்.

> சொல் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் ‘சுண்ணாம்பில் வெந்தது’ என்றால் பெற்றோர் பயப்பட மாட்டார்களா? வினையாக எப்படி எழுதுவது? கையேட்டில் வெனிசுவேலாவின் மக்காச்சோள ரொட்டியான அரேபாவும் வருகிறது. அதற்கும் இதே சொல்தானா?

பயம் நியாயமானதுதான், அம்மா. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, சுவருக்கு அடிப்பது இல்லை, வெந்தபின் நன்றாகக் கழுவ வேண்டும் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். பெயரில் மறைத்தால் ஐயம்தான் கூடும். ‘சுண்ணவேக்காடு செய்க’ என்று எழுத வேண்டாம், இழுவையாக இருக்கிறது. பெயர்ச்சொல் கலைச்சொல்லாக நிற்கட்டும். வினை வரும் இடத்தில் ‘சுண்ணாம்பு நீரில் வேகவை’ என்பதே போதும்.

அரேபாவுக்கு இந்தச் சொல் ஆகாது. இன்று அதற்குப் பயன்படுவது தோலும் முளையும் நீக்கி, வேகவைத்து, உலர்த்திய மாவு, சுண்ணாம்பு சேர்வதில்லை. அதை ‘வெந்த மாவு’ எனலாம். கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவில் பிள்ளைகள் செய்துபார்ப்பதானால், இடியாப்பத்துக்குப் போல் கொதிநீர் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். சூட்டில் மாப்பொருள் பசையாகி ஓரளவு பிடிக்கும். கடலையை வறுத்து ஒன்றிரண்டாக உடைத்துப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் அந்த இடத்தில் அடை பிய்ந்துபோகும்.

அருஞ்சொல் பட்டியலுக்கு:

சுண்ணவேக்காடு (பெ.): தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, கழுவித் தோல் நீக்கும் முறை. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளில் மக்காச்சோளத்துக்குத் தொன்றுதொட்டு வழங்குவது.