ஹட்டன் சேர்வரில் தீபாவளி இரவு 40 பேர் இருந்தார்களா?

மூடுபனி (பண்டாரவளை):
“ஹட்டனில் என் வீட்டு மேசைக்கணினியிலேயே ராக்னராக் என்ற இணைய விளையாட்டின் சேர்வரை நடத்துகிறேன். தீபாவளி இரவு ஒரே நேரத்தில் 40 பேர் தடங்கலின்றி விளையாடினார்கள். சிங்கப்பூரில் சேர்வருக்கு இடம் வாடகைக்கு எடுப்போர் டொலரைத் தண்ணீரில் கரைக்கிறார்கள்.” நேற்றிரவு கொழுந்துக்கூடை இங்கே இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 300 ஐத் தாண்டியபோதும் வாடகை கட்டி என் சேர்வரை அணையாமல் காத்தவன் நான் என்பதால், கரைப்பவர் யார் என்று அவர் பெயர் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த 40 பேரில் ஆளில்லாமலே கடை நடத்தும் ஆட்டோட்ரேட் கட்டளையைப் போட்டுவிட்டு உறங்கப் போன வணிகர்கள் எத்தனை பேர்?

கொழுந்துக்கூடை (ஹட்டன்):
திரை 40 என்று காட்டியது, ஆகவே 40. நம் சேர்வர்களை இயக்கும் ஆர்அத்தீனா மென்பொருளில் விளையாட்டுலகை நடத்தும் மேப் சேர்வர், பெரும்பாலும் கணினிச் செயலியின் கருக்களில் ஒன்றை, அதாவது ஒரே கோரை, நம்பியே ஓடுகிறது என்பதை அறிந்தவர்கள், வாடகைக் கணினியில் பல கோர்களுக்குப் பணம் கட்ட மாட்டார்கள். என் பழைய கணினியின் ஒரு கோர் அந்த இரவு வியர்க்கக்கூட இல்லை.

மூடுபனி:
நான் ஆட்களைக் கேட்டேன், அவர் கோரைப் பற்றிச் சொல்கிறார். அறியாதவர்களுக்காக விளக்குகிறேன். அந்தக் கட்டளையைக் கொடுத்தவுடன் விளையாடுபவரின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அவருடைய வணிகர் பாத்திரம் மட்டும் விளையாட்டின் தலைநகரான புரொன்டெராவின் வீதியில் கடை விரித்தபடி விடியும்வரை நிற்கும். சேர்வரோ அதையும் ஓர் ஆளாகவே எண்ணிக்கொண்டிருக்கும். கொழுந்து நிறுக்கும்போது கூடையின் பாரத்தைக் கழிக்காமல் எழுதும் கணக்கு இது. புனைபெயரிலேயே கூடையை வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிங்கமலை வில்லாளி (கொட்டகலை):
அண்ணனின் சேர்வரில் அன்றிரவு நானும் இருந்தேன், ஒரு முறைகூடத் தடங்கல் வரவில்லை. பண்டாரவளைக்காரருக்கு ஹட்டன் என்ற பெயரைக் கேட்டாலே வயிறு எரிகிறது. தம் சேர்வரில் ஜிஎம் என்ற மேற்பார்வையாளர் அதிகாரத்தைப் பயன்படுத்தி மைத்துனருக்கு விளையாட்டுப் பொருளான அரிய கார்ட் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தவர், பிறர் கணக்கைத் தணிக்கை செய்ய வந்திருக்கிறார்.

மூடுபனி:
தரவுத்தளம் பழுதானபோது தொலைந்த கார்டைத் திருப்பிக் கொடுத்தேன், புதிதாக உருவாக்கவில்லை. இதை ஏற்கெனவே மூன்று முறை விளக்கிவிட்டேன். 40 பேரில் வணிகர்கள் எத்தனை பேர்?

ஊவாக்காற்று (பதுளை):
“பேர்” என்று நீங்கள் சொல்வது பதிவுசெய்த கணக்கையா, உள்ளே நிற்கும் பாத்திரத்தையா, விசைப்பலகை முன் அமர்ந்திருக்கும் மனிதரையா என்பதை முதலில் தீர்மானியுங்கள். அது போக, நம் வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குத் தனிப் பொது இணைய முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. ரவுட்டரில் 6900, 6121, 5121 ஆகிய எண்களைக் கொண்ட இணைப்பு வழிகளான போர்ட்களைத் திறந்துவைத்தாலும் வெளியார் அங்கு வந்து சேர முடியாது. கொழுந்துக்கூடை இதை எப்படிச் சமாளித்தார்? சேர்வரின் பகுதிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்1, பி1 என்ற இயல்புப் பயனர்பெயர்-கடவுச்சொல் இணையையாவது மாற்றினாரா?

கொழுந்துக்கூடை:
அதை முதல் நாளே மாற்றிவிட்டேன், அக்கா. முகவரிக்காக வெளியே மிகச் சிறிய இடம் ஒன்றை எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் என்ற மென்பொருளால் மறைகுறியாக்கிய இணைப்புச் சுரங்கம் போட்டிருக்கிறேன்.

மூடுபனி:
வெளியே என்றால் எங்கே?

கொழுந்துக்கூடை:
சிங்கப்பூரில். ஆனால் அது சேர்வர் அன்று, வெறும் வாசல்.

மூடுபனி:
வாசலுக்குக் கட்டும் டொலர் தண்ணீரில் கரையாது போலும்! அனைவரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினியின் இன்னொரு பெருமையையும் பேசிவிடுவோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதே, அன்று என் சேர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆர்அத்தீனா பாத்திரங்களை இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையே சேமிக்கிறது; மின்தடையில் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் கைவிட்டால் அந்த இடைவெளியில் சேர்த்ததெல்லாம் போய்விடும். மாலையில் இடி முழங்கத் தொடங்கியதும் ரவுட்டரின் வயரைப் பிடுங்கி வைப்பதுதான் நம் பக்கத்து வீடுகளின் வழக்கம். அப்போது அந்த 40 பேரும் எங்கே போவார்கள்? வணிகர்களுக்காவது உறக்கம் கெடாது.

சிங்கமலை வில்லாளி:
நாடே இருண்டு கிடந்த அன்று உங்கள் சேர்வர் யாருக்காக ஓடியது? வீட்டில் மின்சாரமே இல்லாதவர்கள் எதைக் கொண்டு உள்ளே வந்தார்கள்? அன்று நின்றவர்கள் மட்டும் வணிகர்கள் இல்லையா?

மூடுபனி:
வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பேச்சை மாற்ற வேண்டாம்.

ஊவாக்காற்று:
இரண்டு சேர்வர்களுமே கடனுக்கு வாங்கிய வீடுகள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆர்அத்தீனாவின் நிரல் திறந்த மூலம். ஆனால் விளையாட்டின் படங்களும் இசையும் கிராவிட்டி நிறுவனத்துக்குச் சொந்தமானவை. வேறொரு விளையாட்டின் ரசிகர்கள் நடத்திய நோஸ்டால்ரியஸ் என்ற பெரிய சேர்வரை, அந்த விளையாட்டின் உரிமையாளரான பிளிசார்ட் நிறுவனம் அனுப்பிய சட்டக் கடிதம் 2016 ஏப்ரலில் மூடவைத்தது. நன்கொடை என்ற பெயரில் பாத்திரங்களுக்கான தொப்பி விற்பவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

மூடுபனி:
அந்தத் தொப்பிக்குப் பாதுகாப்புத் திறன் எதுவும் கிடையாது. அது வெறும் அலங்காரம். வாடகை கட்டுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

புதியவன் (கினிகத்தேனை):
ஐயா, அனுபவப் புள்ளி வேகத்தை மும்மடங்காக்க எந்தக் கோப்பைத் திருத்த வேண்டும்?

கொழுந்துக்கூடை:
மூல கோப்பைத் தொடாதீர்கள், தம்பி. கான்ஃப் கோப்புறையினுள் இருக்கும் இம்போர்ட் கோப்புறையில் எழுதுங்கள். 100 என்பது ஒரு மடங்கு, 300 என்று போடுங்கள். மூடுபனி அவர்களே, சித்திரைப் புத்தாண்டு இரவு நீங்களே நேரில் உள்ளே வந்து எண்ணிப் பாருங்கள்.

சிங்கமலை வில்லாளி:
எப்படி வருவார்? அவருடைய கணக்கைத்தான் போன ஆடியில் தடைசெய்துவிட்டீர்களே, அண்ணா.

மூடுபனி:
அந்தத் தடை அநியாயமானது. ஒரே வீட்டிலிருந்து என் தங்கையும் நானும் விளையாடியதை இரட்டைக் கணக்கு என்று முடிவுகட்டினார்கள். அன்று இரண்டு மனிதர்களை ஒருவராக எண்ணியவர்கள்தான் இன்று உறங்கும் வணிகர்களை ஆட்களாக எண்ணுகிறார்கள். தடையை நீக்குவதும் நீக்காததும் அவர்கள் விருப்பம். வணிகர்கள் எத்தனை பேர்?

கொழுந்துக்கூடை:
40 பேர்.

மூடுபனி:
வணிகர்களா?