34 கிலோ நாய், பழக்கின நாய்: வயல் வாடிக்கா, வீட்டுக்கா?

வாவிக்கரை
புது இடம் தேடுற நாயின்ட விபரம் இதுதான். ஜேர்மன் ஷெப்பர்ட் கலப்பு, ஆண், 4 வயசு, 34 கிலோ. கருத்தடை முடிஞ்சது, விசர்நாய்த் தடுப்பூசி அட்டை கையில இருக்கு. வளர்த்த குடும்பம் வெளிநாடு போக வளவில தனிச்சுப் போன நாய். குந்தும், படுக்கும், நிக்கச் சொன்னா நிக்கும், கூப்பிட்டா வரும். எல்லாம் இங்கிலீசுச் சொல்லில. வார் போட்டா இழுக்காம நடக்கும். குறை ரெண்டு: கோழியக் கண்டா விடாது, மோட்டார்சைக்கிளத் துரத்தப் பாக்கும்.
கேட்டு வந்ததும் ரெண்டு பேர். ஒருவருக்கு வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை, வாடிக் (வயல் குடிசை) காவலுக்குக் கேக்கிறார். மற்றவருக்கு மட்டக்களப்புக் கல்லடியில 10 பேர்ச் (2700 சதுர அடி அளவு) வளவு, சுத்துமதில், பள்ளிக்கூடம் போற 2 பிள்ளைகள். யாருக்குக் குடுக்கிறது?

வட்டைக்காரன்
வயலுக்குத்தான். 10 பேர்ச்சில வீடும் கிணறும் போக என்ன மிஞ்சும்? ஷெப்பர்ட் மந்தை மேய்க்க உண்டாக்கின இனம். வேலை இல்லாட்டி தானே வேலை தேடும்: வாழையடியத் தோண்டும், மதிலோரம் சுத்திச் சுத்தி ஓடும், தன்ட வாலையே கடிக்கும்.

படலை
மேய்க்க உண்டாக்கினது ஆளோட சேர்ந்து வேலை செய்யத்தான், தனியக் கட்டிக் கிடக்க இல்ல கா. பெரும்போகம் மாசி பங்குனியில வெட்டி முடிஞ்சா வாடியில ஆள் இருக்காது. தண்ணி காணாத வருஷம் சிறுபோகமும் இல்ல. அந்த மாசங்கள்ல நாய்க்குச் சோறு போடுறது ஆர்?
மறுகா, வெல்லாவெளிப் பக்கம் யானை வாற இடம். அவிழ்த்து விட்ட நாய் யானையக் குரைச்சிக்கொண்டு போகும், யானை திரும்பித் துரத்தினா நேரா எசமானிட்டத்தான் ஓடி வரும், பின்னால யானையும் வரும். கூப்பிட்டா வரப் பழக்கின நாய் இன்னும் நேரா வரும்.

வட்டைக்காரன்
யானை விசயம் சரி. ஆனா காவல் எண்டா கடிக்கிறதில்ல, குரைக்கிறது. ராவையில கூட்டுக்குள்ள இருந்து குரைச்சாலே காணும். 10 அடிக்கு 12 அடிக் கூடு, மர நிழல்ல. தகரக் கூரை பகல்ல அடுப்பு மாதிரி, மேல கிடுகு போடணும். சங்கிலி வேணாம். கட்டியே ஆகணும் எண்டா ரெண்டு மரத்துக்கு நடுவுல 30 அடிக் கம்பி இழுத்து வளையம் ஓட விடலாம். மரத்துக்கு 6 அடி முன்னுக்கே வளையம் நிக்கிற மாதிரி முடிச்சுப் போடணும், இல்லாட்டி நாய் மரத்தைச் சுத்திச் சிக்கிக்கொள்ளும்.
கல்லடியில என்ன நடக்கும் எண்டும் பாருங்க. மீன்காரர் மோட்டார்சைக்கிள்ல வருவார், பிள்ளைகளின்ட கூட்டாளிமார் படலையத் திறந்துபோட்டு வருவாங்க. ஒரு கடி விழுந்தா அந்த நாய்க்கு மறுகா வீடே இல்ல.

உண்ணிமருந்து
ரெண்டு பேரும் இடத்தப் பத்தியே பேசுறீங்க, செலவப் பத்திக் கேக்கவே இல்ல. 34 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1500 – 1600 கிலோகலோரி வேணும். உலர் தீன் எண்டா 450 கிராம், மாசத்துக்கு 13, 14 கிலோ. வீட்டுச் சோறு எண்டா 250 கிராம் அரிசி, முள் எடுத்து அவிச்ச மீன் 400 கிராம், கொஞ்சம் பூசணி அல்லது கரட். வெறும் சோறும் குழம்பும் போட்டா தசை கரையும். குழம்பில வெங்காயம் கிடந்தா ரத்தமும் கெடும். கருவாடு வேணாம், உப்பு.
சாப்பாட்ட ரெண்டு நேரமாப் பிரிச்சுப் போடணும், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் ஓட விடக்கூடாது. இந்த உடம்புவாகு நாய்களுக்கு இரைப்பை காத்தடைச்சுத் திருகிக்கொள்ளும். வயிறு பானை மாதிரி வீங்கி, சத்தி வராம ஓங்காளிச்சா விடியும் வரை பாக்க ஒண்ணா, அந்த நேரமே மிருக வைத்தியரிட்டக் கொண்டு போகணும்.
வயல்காரரிட்ட ஒரு கேள்வி கட்டாயம்: உண்ணிக்கு என்ன போடுவீங்க? மாட்டுக்கு அடிக்கிற ஐவர்மெக்டின் ஊசி எண்டு சொன்னா குடுக்காதீங்க. கொலி, ஷெப்பர்ட் பரம்பரையில சில நாய்களுக்கு அந்த மருந்து மூளைக்குள்ள போய் நடை தள்ளாடும், வலிப்பு வரும், செத்தும் போகும். நாய்க்கெண்டே இருக்கிற மாத்திரைய நிறை பாத்துக் குடுக்கணும். உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கம் அடிக்கடி வாறது: முரசு (பல் ஈறு) வெளிறும், சாப்பிடாது, சில நேரம் மூக்கால ரத்தம். அதுல ஒரு வகைக்கு டொக்ஸிசைக்ளின் 28 நாள். அஞ்சாம் நாள் நாய் துள்ளுது எண்டு நிப்பாட்டினா திரும்ப வரும்.

படலை
நான் கல்லடி வீட்டுக்குத்தான் ஓம், ஆனா சும்மா இல்ல. மதில் 6 அடி இருக்கணும். படலைக்குக் கீழ 3 அங்குலத்துக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது. கிணத்துக்குக் கட்டு இருக்கா எண்டு போய்ப் பாக்கணும். படலைக்குள்ள 4 அடி தள்ளி ரெண்டாவது கதவு ஒண்டு போட்டா பிள்ளைகள் திறந்து விட்டாலும் நாய் ரோட்டுக்குப் போகாது. கம்பிவலையும் ரெண்டு பிணைச்சலும் காணும்.

வாவிக்கரை
இங்கிலீசுச் சொல்லில பழக்கின விசயம் என்ன செய்யிறது? கல்லடி வீட்டுல அம்மம்மாவுக்கு இங்கிலீசு வராது, "குந்து" எண்டுதான் சொல்லுவா.

படலை
மாத்தலாம், ஆனா வரிசை முக்கியம். புதுச் சொல் முதல், பழைய சொல் பிறகு: "குந்து", ஒரு செக்கன் விட்டு "சிட்", குந்தினதும் சின்ன மீன் துண்டு. மாறிச் சொன்னா நாய் முதல் சொல்லுக்கே குந்திடும், பின்னால வாறத கவனிக்காது. ஒரு நேரம் 10 தரம், ஒரு நாளைக்கு 2 நேரம். "குந்து" எண்ட உடனே, "சிட்" சொல்ல முதலே குந்தத் தொடங்கினா பழைய சொல்ல விட்டிடலாம். வீட்டுல எல்லாரும் ஒரே சொல்லுத்தான். ஒராள் "இரு", ஒராள் "குந்து" எண்டா பழக்கினது ஒரு மாசத்துல போயிடும். கை சைகைய வீடியோ எடுத்துக் குடுங்க.

பட்டிமேடு
சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் மாட்டுப்பட்டி வெச்சிருக்கிற முஸ்லிம் ஆக்களையும் கேளுங்க. பட்டிக்கும் பயிருக்கும் காவல்நாய் வெக்க மார்க்கத்துல இடமிருக்கு. வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாங்க. வாய் வெச்ச பாத்திரத்த 7 தரம், அதுல ஒரு தரம் மண் கலந்த தண்ணியில, கழுவணும். அதால ஆளை நக்கிப் பழகின நாய் எண்டா முதலே சொல்லிடுங்க. பட்டியில வருஷம் முழுக்க ஆள் நிக்கும், வாடி மாதிரி இல்ல.

வட்டைக்காரன்
அது நல்ல யோசனை. ஆனா கோழி?

பட்டிமேடு
கோழி இருக்கிற பட்டி எண்டா வேணாம். கோழியத் துரத்தாம இருக்கப் பழக்கலாம் எண்டு சொல்றவங்க 10 மீற்றர்க் கயிறு பிடிச்சு மாசக்கணக்கா நிண்டு காட்டட்டும்.

வாவிக்கரை
சரி, முடிவு. முதல் கல்லடி. 3 தரம் சந்திப்பு: முதல் ரோட்டுல, மறுகா எங்கட இடத்துல, கடைசியா அவங்கட வளவுல. பிறகு 14 நாள் பரீட்சை. அந்த 14 நாளும் வெளிய போனா வாரோடதான், பிள்ளைகள் தனியப் பிடிக்கக்கூடாது. ஏலாட்டி வேற ஆருக்கும் குடுக்காம எங்களிட்டயே திருப்பித் தரணும் எண்டு எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. சும்மா குடுக்கல, ஒரு மாசத் தீன் காசு வாங்குறம். வைகாசியில கண்ணகி அம்மன் கோயில் சடங்கு முடியத்தான் கைமாத்து. புது வளவுல முதல் கிழமையே பறையும் வெடியும் கேட்டா மதில் எத்தனை அடி எண்டாலும் பாயும்.

வட்டைக்காரன்
14 நாள் காணாது கா. முதல் கிழமை நாய் பயத்துல ஒடுங்கிக் கிடக்கும், குணம் தெரியாது. மோட்டார்சைக்கிள் துரத்துறது மூணாம் கிழமைதான் வெளிய வரும். ஒரு மாசமாக்குங்க.

வாவிக்கரை
ஒரு மாசம். எழுதிட்டன். உங்கட 10க்கு 12 கூட்டின்ட அளவையும் கல்லடிக்கு அனுப்பிறன், மீன்காரர் வாற நேரம் உள்ள விட.