பூட்டிக் கிடந்த வீட்டில் ஹீட்டிங் போட்டபோது: உங்கள் அனுபவங்கள்

குரொய்டன்வாசி
கோடை முழுக்க யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டு நவம்பரில் வந்து வீட்டைத் திறந்தோம். பொயிலரின் பிரஷர் (தண்ணீர் அழுத்தம்) காட்டும் முள் சைபரில். ஃபில்லிங் லூப்பை (பொயிலருக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயை) திறந்து 1.2 பாருக்கு ஏற்றினேன், பற்றிக்கொண்டது. எல்லா ரேடியேட்டரும் சுட்டது, அம்மாவின் அறையைத் தவிர. வந்த இஞ்சினியர் அதைத் தொட்டுப் பார்த்த கையோடு, "உள்ளே சேறு, வீடு முழுக்கப் பவர் ஃபிளஷ் செய்யவேணும்" என்று, அதாவது குழாய்களை மெஷின் வைத்துக் கழுவவேணும் என்று, பல நூறு பவுண்ஸ் கணக்குச் சொன்னார். அம்மா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டபடி கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா.

அவர் போனபிறகு அந்த ரேடியேட்டரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் வால்வின் தலையைக் கழற்றினேன். தீக்குச்சி மொத்தத்தில் ஒரு ஊசி, அமுங்கியபடியே இறுகிக் கிடந்தது. ஸ்பானர் பிடியால் பக்கத்தில் மெல்லத் தட்டத் தட்ட, டக்கென்று மேலே எழும்பியது. உடனே உள்ளே தண்ணீர் இரைந்து ஓடும் சத்தம். அம்மா எழும்பி வந்து ரேடியேட்டரில் இரண்டு கையையும் வைத்தா. அந்த மனிசனுக்கு இதைக் கழற்றிப் பார்க்க ஒரு நிமிடம் இல்லையா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

லெஸ்டர் தமிழன்
கோபம் நியாயம்தான். ஆனால் சேறு என்பதே பொய் என்று இதைப் படிப்பவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. மேலே சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் ஜில்லென்று இருந்தால் அது சேறுதான். அடியில் சூடு, மேலே ஜில்லென்றால் காற்று; ரேடியேட்டரின் மேல்முனையில் உள்ள சின்னத் திருகைச் சாவி போட்டுத் திறந்து காற்றை விட்டால் போதும், அப்புறம் பிரஷர் பார்க்க வேண்டும். வால்வு வரை குழாய் சுட்டு, ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்திருந்தால்தான் ஊசி இறுகியிருக்கும். இன்னொன்று, குறடால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். ஊசி கையோடு வந்தால் அறை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். ஊருக்குப் போகும்போது வால்வின் தலையை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுப் போனால் இந்தத் தொல்லையே குறையும்.

ஹரோ அக்கா
எங்களுக்கு 2022 டிசம்பரில், அந்தப் பனி கொட்டிய கிழமை. பூட்டிக் கிடந்த வீடு, பொயிலர் களக் களக் என்று கொப்பளித்துவிட்டு நின்றுபோனது. பொயிலரின் கழிவுநீர் வெளிச்சுவரில் போகும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருந்தது. சுடுதண்ணீர்ப் பையைச் சுற்றிக் கட்டிவிட்டு ரீசெட் அமத்தினேன், வேலை செய்தது. கொதிநீர் ஊற்ற வேண்டாம், குழாய் வெடிக்கும்.

தம்பி குரொய்டன், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முள் ஏன் சைபருக்கு வந்தது? பிரஷர் கூடினால் தண்ணீரை வெளியே விட, வெளிச்சுவரில் கீழ்நோக்கி வளைந்த செப்புக் குழாய் இருக்கும், அது சொட்டுகிறதா பாருங்கள். பொயிலர் சுடும்போது முள் 3 பாரை நெருங்கி, ஆறினதும் விழுந்தால், பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் தொட்டியில்) காற்று இறங்கிப் போயிருக்கும். திரும்பத் திரும்பத் தண்ணீர் ஏற்றினால் புதுத் தண்ணீரோடு ஒட்சிசனும் போய் உள்ளே துரு பிடிக்கும். பொயிலர் மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். கேஸ் சேஃப் (கேஸ் வேலைக்கான பதிவு) அட்டை உள்ளவரைக் கூப்பிடுங்கள். எந்த வேலைக்குத் தகுதி என்று அட்டையின் பின்பக்கம் இருக்கும். கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பொத்தானையும் ஒருக்கா அமத்திப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற தண்ணீரில் லெஜியனெல்லா என்ற, நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரலாம். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, நீராவி முகத்தில் படாமல், சுடுதண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு அம்மாவைக் குளிக்க விடுங்கள்.

குரொய்டன்வாசி
லெஸ்டர் அண்ணா, நீங்கள் சொன்ன அதே மாதிரித்தான்: கீழே குழாய் கை வைக்க முடியாத சூடு, ரேடியேட்டர் முழுக்கக் குளிர். அதனால்தான் தலையைக் கழற்றினேன். அக்கா, முள் இன்று காலை 0.8. நாளை விடிந்ததும் செப்புக் குழாயைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.