டர்பனில் நல்ல குடும்ப வக்கீல் யாராவது தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற என் அக்காவுக்கு அவசரமாக வக்கீல் வேண்டும். மாமா விவாகரத்து கேட்டுப் போட்ட வழக்கின் சம்மனை கோர்ட் ஷெரிஃப் திங்கட்கிழமை கையில் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்த்து வழக்காடுவதாக 10 நீதிமன்ற நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டால் அவர் கேட்டபடியே தீர்ப்பாகிவிடலாம்.

பதிவான கல்யாணம்தான். ஆனால் தாலி கட்டுமுன் சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. அதனால் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி சொத்து மட்டுமல்ல, கடனும் இருவருக்கும் பொது. மாமாவின் கடைக்கடனை நினைத்துத்தான் அக்காவுக்குத் தூக்கமே இல்லை. இதில் கைதேர்ந்தவர் வேண்டும்.

பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம், அதை நாங்களே பார்த்துக்கொள்வோம். லீகல் எய்டில் (அரசின் சட்ட உதவி) வருமானம் பார்ப்பார்களே, அக்காவின் டீச்சர் சம்பளத்துக்குக் கிடைக்குமா? ஃபீஸைத் தவணையில் வாங்குகிற, அதட்டாமல் பேசுகிற வக்கீல் இருந்தால் தயவுசெய்து இன்பாக்ஸில் சொல்லுங்கள்.